கேட்காமல் செய்தது

ஜூலை 18, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். முதல் பஸ்ஸில் மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து கௌதள்ளி. ரேவதி நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். என் அம்மா எங்களுக்காக மாரியம்மன் கோவிலிலேயே காத்திருந்தாள்.

ஆடி முதல் வெள்ளி. குழந்தை வேண்டி மண்சோறு சாப்பிட வந்தவர்கள் ஒன்பது பெண்கள். கழுவிவிட்ட வெறுந்தரையில் சோற்றைப் போட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, குனிந்து வாயாலேயே எடுக்க வேண்டும். ரே. எடுத்தாள். மூக்கில் பருக்கை, நெற்றியில் ஈர மண்.

"முழுசும் தின்னுரு கண்ணு, மிச்சம் வெக்காத." அம்மா.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம்: "எம்பையன்கிட்ட கொறை ஒண்ணுமில்லீங்க. ஆசுபத்திரியிலதான அவனுக்கு வேலையே. எல்லாம் பாத்தாச்சு."

நான் தூணோரம். ரே.யின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

இதை வேறு எங்கும் எழுத முடியாது. கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்னால், ரெண்டு நாள் லீவு போட்டு பெங்களூர் போய், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். ரே.க்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷம்.

ஜூலை 20, ஞாயிறு

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை. தேவராஜா மார்க்கெட்: வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம், அரை கிலோ அவரை. கேஸ் லைட்டர் மறந்தது. ரே. மறக்கவில்லை, நான்தான்.

ஏன் செய்தேன் என்று ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும். டயாலிசிஸ் வார்டில் டெக்னீசியனாகச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஏழு வயசுப் பெண் குழந்தை, வாரம் மூன்று நாள் வரும். ஊசி எடுக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து, "நானு ஏன் தப்பு மாடிதே?" என்று கேட்கும். நான் என்ன தப்பு பண்ணேன் என்று. ஒரு தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் போய்விட்டது. அதன் அப்பா வராந்தாவில் உட்கார்ந்து, "நாமதானே இவளை உலகத்துக்குக் கொண்டுவந்தோம்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முடிவு செய்தேன். ஒரு உயிரைக் கேட்காமல் இதற்குள் இழுத்துவிட எவனுக்கும் உரிமை இல்லை. பிறக்காதவனுக்கு இழப்பு கிடையாது. பாயசம் கிடைக்கவில்லை என்று அழ அங்கே ஆள் இல்லை. பிறந்தவனுக்கு வலி உறுதி, எவ்வளவு என்பதுதான் தெரியாது. இன்றைக்கும் இதில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

ஆனால் பெண் பார்க்கப் போன அன்றே ரே.யிடம் சொல்லியிருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதற்கும் கொள்கைக்கும் சம்பந்தமே இல்லை, வெறும் கோழைத்தனம்.

ஜூலை 21, திங்கள்

மழை விட்டது. மூணாவது மெஷினில் பிரஷர் அலாரம், ரெண்டு தடவை.

சாமராஜநகரிலிருந்து வரும் அக்கா இன்று ஒரு மணி நேரம் லேட், பஸ் பஞ்சர். அஞ்சு வருஷமாக டயாலிசிஸுக்கு வருகிறார். ஊசி போடும்போது, பிறக்காமலே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா? மெதுவாக் குத்துங்க, அது போதும்."

அப்புறம் நாலு மணி நேரம் போனில் சீரியல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாளெல்லாம் எரிச்சல். அவர் மேல் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

ரே.யோடு டாக்டரம்மாவிடம். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல் மாடி. ரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் சரி. வியாழன் காலை எட்டு மணி. மயக்கம் கொடுத்து, வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, கேமரா விட்டு, கர்ப்பப்பையில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

போன வருஷம் டாக்டரம்மா முதலில் என்னைத்தான் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். வெளியில் எடுத்துவிட்டேன், நார்மல் என்றேன். ரிப்போர்ட் கேட்கவில்லை. "நம்ம ஸ்டாஃப்தானே" என்று ஃபைலில் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியை நம்பித்தான் இப்போது இவள் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள்.

இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று நர்ஸ் படிவத்தை நீட்டினாள். "இல்லி சைன் மாடி சார்." எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன் என்று ரே. கையெழுத்துப் போட்டாள். கீழே, கணவர் என்ற இடத்தில் நான்.

பிறக்காதவனிடம் சம்மதம் கேட்கவில்லையே என்று ஊரில் இருக்கிற அப்பன் அம்மாவையெல்லாம் மனசுக்குள் திட்டியவன் நான். பிறந்து, வளர்ந்து, என் வீட்டில் எனக்குத் தோசை சுட்டுப் போடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அயோக்கியன் என்று எழுதினால்கூட கொஞ்சம் பெருமையாகத் தெரிகிறது. வேண்டாம்.

ஜூலை 23, புதன்

நாளைக்கு: பழைய ரிப்போர்ட், ஆதார் ஜெராக்ஸ், தளர்வான நைட்டி, ஃபிளாஸ்க். ரே. நகப்பூச்சை அழித்துவிட்டாள். வளையல், மெட்டி கழற்றி டப்பாவில்.

மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை குக்கர் விசில். ரெண்டாம் தடவை அவள் தங்கச்சி போன். மூன்றாம் தடவை ஒரு தடையும் இல்லை, வாய்தான் வரவில்லை.

"பயமா இருக்குங்க. மயக்கத்துலருந்து எந்திரிக்காமயே போயிட்டா?"

"நம்ம ஆஸ்பத்திரிதான. ஒண்ணும் ஆகாது."

"எங்கிட்டதான் கொறைன்னு தெரிஞ்சா, அத்தை உங்களுக்கு வேற பொண்ணு பாப்பாங்களா?"

சேச்சே என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் பால் வாங்கக் கடைக்குப் போனேன். ஃபிரிட்ஜில் பால் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

மூட்டம். ஆறரை மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன். ஆறு மணிக்கு ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், செருப்பு மாட்டப் போனவளிடம்.

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"எதுக்கு?"

எல்லாம் சொன்னேன். அந்தக் குழந்தை, வார்டு, கேட்காமல் ஒரு உயிரைக் கொண்டுவரக் கூடாது என்பது. குறுக்கே பேசாமல் கேட்டாள். நானே அபத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தும்.

"நீங்க நெனைக்கறது தப்புன்னு நான் சொல்லலீங்க. மொதல்லயே சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். சரி, கொழந்தை வேண்டாம்னேகூடச் சொல்லியிருப்பனோ என்னமோ. பொறக்காததுக்கு அவ்வளவு பாவம் பாத்தீங்க. என்னை ஒரு ஆளாவே நெனைக்கலையே."

அழவில்லை. அடுப்படிக்குப் போய் ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்து வரவில்லை என்று கன்னடத்தில் சொன்னாள். காரணம் கேட்டார்கள் போல; "நன்ன ஹஸ்பெண்ட் ஹேள்தாரே" என்றாள். புருஷன் வந்து சொல்லுவார் என்று.

பிறகு அம்மாவுக்குப் போட்டாள், ஸ்பீக்கரில்.

"கெளம்பிட்டியா கண்ணு? வெளக்கு ஏத்திட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்."

"போகலீங்க அத்தை. எங்கிட்ட கொறை எதுவும் இல்லீங்க. இருங்க, உங்க பையன் பேசுவாரு."

போனை என் கையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன சாமி சொல்றா இவ?" அம்மா.

"அம்மா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா…"

"டாக்டர் இல்லீங்க," என்றாள் ரேவதி. "நான்னு ஆரம்பிங்க."