மாமா வயிற்றில் ஒரு பை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண். மாமனார் வேட்டியில் இன்றும் ரத்தக்கறை. அத்தையிடம் காட்டினேன். "மூலச்சூடுதான். கருணக்கெழங்கு வாங்கியாந்து வை."

கல்யாணமான நாளிலிருந்து மாமா என்னிடம் நேராகப் பேசியதில்லை. எதுவும் அத்தை வழியாகத்தான். டாக்டரிடம் காட்டலாமே என்று அத்தையிடம் சொன்னேன். உள்ளேயிருந்து குரல்: "அவளுக்கு இதுல என்ன சோலி?"

ஜூன் 13, வெள்ளி

கக்கூஸில் மாமா மயங்கி விழுந்துவிட்டார். இனி யாரிடமும் கேட்பதாக இல்லை. ஆட்டோ. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். "மூலம் மட்டும் இல்லம்மா. திருநெல்வேலி போயி குடலுக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாத்துருங்க." வீடு வரும்வரை மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பி.டி.ஓ. ஆபீசுக்கு போன் பண்ணி லீவு சொன்னேன். பால் வாங்க மறந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

நெல்லை. மலக்குடலில் புற்று. வேறெங்கும் பரவவில்லையாம். கட்டியை வெட்டிக் குடலைத் தைக்கணும். தையல் ஆறும்வரை மலம் வயிற்று வழியாக ஒரு பைக்குள். சில மாதம் கழித்துப் பழையபடி உள்ளே.

மாமா எழுந்துவிட்டார். "பையைக் கட்டிக்கிட்டு நான் தெருவுல நடக்கவா? வண்டிய எடுக்கச் சொல்லு." அத்தை ஒரே அழுகை. மாமா வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றார்.

"நீ என்ன சொல்லுத?"

என்னிடம்தான்.

"வச்சுக்கிடுவோம் மாமா. மாத்த நான் படிச்சுக்கிடுதேன்."

திரும்பிப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

ஜூலை 5, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் பை மாற்றச் சொல்லிக் கொடுத்தாள். வெளியே தெரியும் குடல் சிவப்பாக, ஈரமாக, வாயின் உள்பக்கம் மாதிரி. தொட்டால் வலிக்காதாம். சுற்றித் தோல் காய்ந்திருக்கணும், இல்லாவிட்டால் ஒட்டாது. ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் அழுதார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

டிஸ்சார்ஜ். தேவர்குளம் தாண்டியதும் காருக்குள் நாற்றம். பை ஓரம் விட்டுவிட்டது. வண்டியை நிறுத்தி, அத்தை போர்வையை மறைப்பாகப் பிடிக்க, பின் சீட்டிலேயே துடைத்து மாற்றினேன். மாமா கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரம் நீர். முடிந்ததும், "கை கழுவத் தண்ணி இருக்காம்மா?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மோர்க்கஞ்சி, உப்புக் கரைசல். பை ஓரம் கசிந்து வந்த தோல் புண் ஆறிவிட்டது.

மாமாவின் தம்பி ராயகிரியிலிருந்து வந்தார். போகும்போது அண்ணன் காதில் மெதுவாக, "எனக்கும் லேசா ரத்தம் போவுது."

மாமா சட்டையைத் தூக்கிப் பையைக் காட்டினார். வாசலில் ஆள் நின்றதையும் பார்க்கவில்லை. "ஏலே, நான் பொத்திப் பொத்தி வச்சது இங்கன வந்து நிக்கி. வெக்கப்படாத." பிறகு என் பக்கம் திரும்பி, "எம்மா, இவனுக்கு ஒரு நாள் கேளு."

நெல்லை ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். ஸ்கோப்புக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். முந்தின நாள் கஞ்சித்தண்ணி மட்டும்.

சின்ன மாமா: "ரெண்டு இட்லி திங்கலாமா?"

கூடாது என்றேன்.