மஞ்சள் கரைந்த தூண்

நேற்று உன் தம்பி ரம்பத்தோடு கடைக்கு வந்தான். வலதுபக்கத் தூணின் அடியில் வைத்து நாலு இழுப்பு இழுத்ததுமே அந்தப் பழைய வாசனை வந்துவிட்டது. ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயாவைப் போல ஒரு துவர்ப்பு. மாவுச் சட்டியை மூடப் போன நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாள் அந்த வாசனை நம் தலைமுடியில் ஒட்டிக் கிடந்தது!

வலியசாலையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது நாம் இருவரும் அங்கே சித்தாள் வேலை. ஊரில் அடுத்தடுத்த தெரு; பிழைக்க வந்த இந்த மலையாளத்து ஊரில், கரமனையில் ஒரே அறையில் வாடகை. சாந்துச் சட்டியோடு படி ஏறும்போதே உனக்கு இருமல் வந்து மூச்சு முட்டும். மழைக்கு முன்னால் ஆற்றோரம் ஓர் இட்லிக் கடை போட்டுவிட்டால் சட்டியைத் தலையிலிருந்து இறக்கிவிடலாம். உனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. இடித்த வீட்டின் தூண்கள் நாலையும் எடுத்துக்கொள்ள மேஸ்திரி சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்தச் சந்தோஷம் மறுநாளே போயிற்று. விட்டம் உட்காரத் தூணின் தலையில் பள்ளம் வெட்ட வேண்டும். பக்கத்து ஆசாரி உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், முனை மடிந்துவிட்டது. "இது மரமல்ல சேச்சீ, இரும்பாணு" என்று எழுந்து போனார். நம்மிடம் இருந்ததோ சுவர் உடைக்கும் உளி, ஒரு சுத்தியல், கம்பி அறுக்கும் ஆக்ஸா பிளேடில் உடைந்த பாதி. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். மொத்தமாகக் கொத்திப் பார்த்துத் தோற்ற பிறகு நீதான் சொன்னாய்: "ஏளா, மீனுக்குக் கீறல் போடுவோம்லா, அது மாதிரி நெருக்கமா அறுத்துக்கிடுவோம். பொறவு நடுவுல நிக்கதத் தட்டுனா தெறிச்சிரும்." தெறிக்கவெல்லாம் இல்லை, நகத்தளவு நகத்தளவாக உதிர்ந்தது. வேலை முடிந்து வந்து இதையும் செய்தோம். பிளேடு சூடானால் தேங்காயெண்ணெய், உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தால் அதற்கும் அதே எண்ணெய். அலுப்பில் நாம் பேசுவதையே விட்டுவிட்டோம்.

வேர்ப்பக்கம் மண்ணிலும் நுனிப்பக்கம் மேலேயும் நிற்க வேண்டும் என்பது நம் ஊர் முறை. சதுரமாகச் செதுக்கிய தூணில் அது தெரியாமல் போகும் என்று, வீட்டை இடிக்கும்போதே தலைப்பக்கத்தில் மஞ்சள் தடவி வைத்தாய். ஆணியால் ஒரு கோடு கீறேன் என்றேன். தலையில் ஆணி படக்கூடாது என்று என்னைத் திட்டினாய். கடைசித் தூண் சரிவில் கிடந்தது. ஒரு சாரலில் மஞ்சள் கரைந்து கீழ்முனையில் போய்த் தேங்கியது நமக்குத் தெரியவில்லை. மஞ்சள் இருந்த முனைதான் தலை என்று நம்பி, பள்ளத்தை வெட்டி முடித்துவிட்டோம்.

வேடிக்கை பார்க்க வந்த ஆசாரி கணுக்களைத் தடவினார். "இது தலகீழாணல்லோ. நட்டா தோஷமா, கேட்டோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுமுனையில் புதிதாக வெட்டிவிடலாம் என்றேன். மேலே மேகம் கறுத்து நின்றது. நீ இருமி முடித்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். "மதிளா, போதும். இனி வெட்ட எனக்குக் கை இல்ல. நம்மள மட்டும் நேராவா நட்டு வச்சிருக்கு? நாம நிக்கலியா?"

அதை வலதுபக்கம் அப்படியே நட்டோம். மழை வந்தபோது கூரைக்குக் கீழே உன் முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. நீ சட்டியை இறக்கிவிட்டாய். இருமல்தான் இறங்கவில்லை. சில வருஷம் கடையில் உட்கார்ந்து இருமினாய், அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று யாரோ அந்தத் தோஷத்தை உன் தம்பியின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அந்தத் தூணின்மேல்தான் ஆத்திரம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பல நாள் அதன் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, எத்தனை வருஷம் என்று: "எத்ர கொல்லம் சிமெண்டு சுமந்நு?"

நேற்று ரம்பத்தின் பல் மழுங்கியதும் உன் தம்பி வியர்த்துப்போய் உட்கார்ந்தான். தூணில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவன் முன்னால் இட்லியை வைத்தேன்.

"ஒங்க அக்கா நெஞ்சுல கெடந்தது சிமெண்டு மக்கா. இந்தத் தூணு வர்றதுக்கு முன்னாலயே அவ இருமிக்கிட்டுதான் இருந்தா. சட்டிய எறக்கி வச்சது இதாலதான்."

அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனான். திரும்ப வருவானோ என்னவோ.

எனக்கும் உடம்பு ஓய்ந்து வருகிறது. கையில் அன்றைய காய்ப்பு இன்னும் இருக்கிறது, மாவு கரைக்கும்போது தட்டுப்படும். இன்று காலை முதல் ஈட்டை ஏற்றிவிட்டு, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, உன் தலைகீழ்த் தூணில் முதுகைச் சாய்த்தேன். தாங்கியது.