குடிலுக்கு அடியில் களிமண் இல்லை

கான்க்லின், ஆல்பர்ட்டா
9 அக்டோபர் 2003

அன்புள்ள நொயெலா அக்காவுக்கு,

தம்பி குளோவிஸ் எழுதுவது. நீ எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து எழுதாதவன் எழுதுகிறானே என்று பயப்படாதே, எல்லோரும் நலம். என் குடில்தான் போகப்போகிறது. நேற்று உங்கள் ஆட்கள் வந்து வாசலில் முளை அடித்தார்கள். எண்ணெய்க் கிணறுகளின் வாய் இந்த மேட்டில்தான் வருமாம். தேநீர் கொடுத்து விசாரித்தேன். கால்கரியில் ஒரு அம்மா பூமிக்கடியில் எது எங்கே இருக்கிறதென்று கணினியில் வரைகிறாராம், அதன்படிதான் எல்லாமாம். அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை.

ஒரு யோசனை. களிமண் இருக்கிற இடத்தில் எண்ணெய் கிடைக்காதாம், அதனால் என் குடிலுக்கடியில் கொஞ்சம் களிமண் வரைந்துவிடேன். யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் தம்பி,
குளோவிஸ்


கால்கரி
21 அக்டோபர் 2003

என் செல்லக் கோபக்காரனுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் படித்தேன். அந்த அம்மா நான்தான். என் படத்தில் மணலும் களிமண்ணும் தெரியும், குடில் தெரியாது. அது உன் மேடு என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

களிமண் வரைய மாட்டேன், குளோவிஸ். இல்லாத இடத்தில் வரைந்தால், இருக்கிற இடத்தைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

ஆனால் ஒன்று. இந்தக் கிணறுகள் இறங்கி, வளைந்து, எண்ணெய் ஊறிய மணலுக்குள் படுத்தபடி ஓடுபவை. உன் மேட்டிலிருந்தும் தொடங்கலாம், தெற்கே சதுப்பிலிருந்தும் தொடங்கலாம். தெற்கே தொடங்கினால் முதல் பாதி களிமண்ணில் வீணாகும் என்று என் கணினி மாதிரிப்படம் சொல்கிறது. அங்கே தோண்டிப் பார்த்ததோ ஒரே ஒரு துளை. மீதியெல்லாம் கணினியின் ஊகம், எனக்கு அதில் சந்தேகம். சதுப்பு உறைந்து இயந்திரம் போகும்படி ஆனதும் அங்கே இன்னொரு துளை போடச் சொல்லி மேலாளர் ஹார்வியிடம் கேட்டேன். அது என் தம்பியின் குடில் என்பதையும் சொல்லிவிட்டேன். என் கணக்கைச் சரிபார்க்க வேறு ஒருவரைப் போட்டிருக்கிறார்.

களிமண் வந்தால் குடில் போகும். நானே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அக்கா


கான்க்லின்
8 நவம்பர் 2003

அக்காவுக்கு,

கையெழுத்தா? நன்றாக இருக்கிறது. வேறு செய்தி இல்லை.

குளோவிஸ்

பி.கு. புகைபோட்ட மீன் அனுப்பியிருக்கிறேன். கோபம் வேறு, மீன் வேறு.


கால்கரி
17 பிப்ரவரி 2004

அன்புத் தம்பிக்கு,

சதுப்பில் போட்ட துளையிலிருந்து எடுத்த மண் இன்று என் மேசைக்கு வந்தது. உடனே பெட்டியைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை கறுப்பு மணல், தார் வாசனை. களிமண் இரண்டு விரல் கனம்கூட இல்லை. ஹார்வி வந்து பார்த்துவிட்டு, "உன்னைச் சரிபார்க்கப் போட்ட ஆளும் இதேதான் சொல்றான். சதுப்புல மண்ணு கொட்டுற செலவுக்கு மேலிடத்துல நான் திட்டு வாங்கிக்கிறேன், போ" என்றார்.

கிணறுகள் தெற்கே போகின்றன. உன் குடில் உனக்கே. ஆனால் அவற்றின் வால் முனை உனக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில் வந்து முடியும். அதையும் உன்னிடம் மறைக்க மனமில்லை.

அந்த மீனை அன்றைக்கே தின்று தீர்த்தேன்.

உன் அக்கா,
நொயெலா


கான்க்லின்
6 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

கீழே என்ன ஓடினாலும் சரி, என் தூக்கம் கெடாமல் இருந்தால் போதும். பனி உருகியதும் வா. கடமான் கறி இருக்கிறது, கட்டிலையும் நீயே எடுத்துக்கொள்.

நேற்று கடையில் துளை போட்ட ஆட்களைப் பார்த்தேன். "கால்கரில எவளோ ஒருத்தி, ஒத்தத் துளைக்காக அந்தக் குளிர்ல எங்கள நிக்க வெச்சுட்டா" என்று ஒருவன் புலம்பிக்கொண்டிருந்தான். கடையில் பாதி ஊர் இருந்தது. அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அது எங்க அக்கா. கொஞ்சம் மரியாதையாத் திட்டுங்க."

குளோவிஸ்