மூலப்பிரதி யாரிடம்?

டண்டினொங், மெல்பேர்ண்
5.5.1974

அன்புள்ள ரஞ்சினி,

நலம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைதோறும் ரயிலேறி நூலகம் போய், நாம் சேர்ந்து எழுதும் வரலாற்றுப் புத்தகத்துக்குக் குறிப்பெடுக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளில் மனுவேலும் ஜெர்மனியில் பிரடெரிக்கும் "நானே ரோமப் பேரரசன்" என்று அடம்பிடித்தார்கள். அந்தக் கிரீடம் மனுவேலுக்கே என்று பாப்பரசர் அலெக்சாந்தர் சொல்லிவிட்டால், பிரிந்துகிடந்த திருச்சபைகளையே சேர்த்துவைப்பதாக மனுவேல் ஆசை காட்டினான். பாவம், அவனை நீ ஒரே பந்தியில் எழுதி முடித்துவிட்டாய்!

அட்டையில் யார் பெயர் முன்னால் என்று கேட்டிருந்தாய். விமலா ரீச்சர் அணிந்துரையில் நம் பெயர்களை எப்படி எழுதுகிறாரோ அப்படியே போடுவோம். நம் பள்ளிக்கூடத்து அதிபராக இருந்து களைத்த மனுஷி. அதுவரை இருவரும் இதைக் கேட்டு அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது.

அன்புடன்,
யோகா

யாழ்ப்பாணம்
20.5.1974

என் யோகா,

மனுவேலுக்கு மூன்று பந்தி கொடுத்துவிட்டேன், சந்தோஷமா? நீ அங்கே புரட்டுவதை இங்கே நாற்பது பிள்ளைகளுக்கு விளங்கவைப்பவள் நான் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

பிரடெரிக் வேறொரு பாப்பரசரை அல்லவா ஆதரித்தான், பிறகேன் அலெக்சாந்தர் மனுவேலுக்குக் கிரீடம் கொடுக்கவில்லை என்று ஒருத்தி கேட்டாள். "குடுத்தால் மனுவேலிலை அவரின்ரை பிடி போயிடுமெல்லோ" என்றேன். இனிக்க இனிக்கப் பதில் எழுதியே காலத்தை ஓட்டினார் மனிதர்.

ரீச்சரிடம் நான் வாயே திறக்கவில்லை.

உன்,
ரஞ்சினி

டண்டினொங்
30.6.1974

ரஞ்சினி,

உனக்கு அப்படி எழுதிய அதே நாள் ரீச்சருக்கும் எழுதினேன். என் பெயரை முன்னால் எழுதும்படி கேட்டு, ஒரு கம்பளிச் சட்டையும் அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

பதில் வந்தது. "பிள்ளை, உன்ரை உழைப்பு எனக்குத் தெரியும். யோசிச்சு எழுதுறன்." அவ்வளவுதான். அதுவும் நீலம் மங்கிய கார்பன் பிரதி! மூலப்பிரதி உனக்கு வந்திருக்கும் என்று ஒரு கிழமையாகக் குமைகிறேன். நீயும் எழுதினாயா? நான் செய்ததையே நீயும் செய்திருந்தால் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கோபம் வருகிறது.

யோகா

யாழ்ப்பாணம்
14.7.1974

யோகா,

ஓம், நானும் கேட்டு எழுதினேன். ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொடுத்தனுப்பினேன். எனக்கு வந்ததும் கார்பன் பிரதிதான்.

நேற்று நேரில் போனேன். இந்த வெயிலில் உன் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மாம்பழத்தை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூலப்பிரதி எங்கே என்று கேட்டேன்.

"என்னட்டைத்தான் இருக்கு. ரெண்டு பேரும் என்னட்டைக் கேட்டியள். ஒருத்தியை ஒருத்தி கேட்டனீங்களோ?"

அதனால் இப்போது உன்னிடமே கேட்கிறேன். என் பெயர் முன்னால் வரவேண்டும் என்று எனக்கு ஆசை, யோகா. தருவாயா?

ரஞ்சினி

டண்டினொங்
29.7.1974

அன்பு ரஞ்சினி,

முதலிலேயே கேட்டிருந்தால் அன்றே தந்திருப்பேன் என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், பொய். தாளைக் கிழித்துவிட்டேன்.

அன்று தந்திருக்க மாட்டேன். இன்று தருகிறேன். உன் பெயரை முன்னால் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்துவிடு.

உன் பெயருக்கு அடுத்ததாக,
யோகா