இலை வைக்காத இருநூற்றைம்பது பொட்டலம்

18 செப்டம்பர் 1961, திங்கள்

டோரீனுக்குப் பெரிய ஆர்டர். ஒரு பேக்டரிக்காரர்கள் குடும்பத்தோடு நந்தி மலைக்கு எக்ஸ்கர்ஷன் போகிறார்கள். இருநூற்றைம்பது பேருக்குப் புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. பிரேசர் டவுனில் அவள் மெஸ் ஆரம்பித்த மூன்று வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. இது நன்றாக நடந்தால் பேக்டரி கேன்டீனே கைக்கு வரலாமாம். வெல்பேர் ஆபீசர் ஓஸ்வால்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வாழை இலைப் பொட்டலம் கூடாது. போன வருஷம் பஸ்ஸில் எண்ணெய் ஒழுகி யாரோ ஒரு அம்மாளின் பட்டுப் புடவை நாசமாம். சில்வர் பேப்பரில்தான் கட்ட வேண்டும்.

"அதுல பல தினுசு இருக்குமே மாமா, எதை வாங்கறது?" என்று டோரீன் கேட்டாள். அக்கா மகள், அக்கா போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே வீடு.

"சரியான ஆளைக் கேட்டே. கோலார் தங்கவயல் துரைமார் கிளப்புல இருபது வருஷம்! என் கை படாம ஒரு வான்கோழி சில்வர் பேப்பர்ல ஏறினதில்ல" என்றேன்.

முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இருபது வருஷம் தங்கவயலில் இருந்தது நிஜம். லேம்ப் ரூமில் இருந்தேன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் சாமானியமா? ஒரு கிறிஸ்துமஸ் அன்று கிளப் சமையலறையின் பின்வாசலில் நின்று வான்கோழியைச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சமையல்காரி சின்னத்தாயி இன்றும் அண்டா அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எனக்கென்று எடுத்து வைத்தாள். "இந்தாங்கண்ணே, உங்க பங்கு." தொம்மலூரிலிருந்து நடந்தே வருகிறவள். என் நாக்கை அறிந்தவள்.

20 செப்டம்பர், புதன்

சிக்பேட்டை போய் வந்தேன். காகிதக் கடை சேஷகிரி மூன்று சுருளை எடுத்துப் போட்டார். ஒன்று வெங்காயச் சருகு மாதிரி, ஊதினால் கிழியும். ஒன்று பின்பக்கம் காகிதம் ஒட்டியது, டீத்தூள் பெட்டிக்குப் போடுவது. மூன்றாவது தடிப்பு. நான் மூன்றையும் காதருகே கசக்கிச் சத்தம் கேட்டேன். ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடித்தேன். கடையில் இருந்த நாலு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். தடிப்பானதை எடுத்தேன். யாராயிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

"ஏனு கட்டப் போறீங்க ஸ்வாமி?" என்றார் சேஷகிரி.

"எல்லாந்தான்."

"நோடி, புளி, எலுமிச்சை, உப்பு ஜாஸ்தி இருக்கறதை இதுல ராத்திரி பூரா வெக்க பேடி, வேணாம். ஓட்டை விழுந்துடும். நடுவுல ஒரு பட்டர் பேப்பரோ எலையோ போட்டுக்கோங்கோ."

"ஓய் சேஷகிரி, நீர் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இதுல கோழி சுத்தினவன்" என்றேன். மனுஷனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

டோரீனுக்குப் பேப்பரை ரொம்பப் பிடித்துவிட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். புளிச் சமாசாரத்தை அவளிடம் சொல்லவில்லை. கடைக்காரன் ஆயிரம் சொல்வான். பட்டர் பேப்பரும் சேர்த்து விற்கிற வழி அது.

23 செப்டம்பர், சனி

சாயங்காலமே கட்டி முடித்தாயிற்று. புளிச்சோறு ஒரு ராத்திரி ஊறினால்தானே ருசி, காலையில் கட்டினால் அது வெறும் புளித் தண்ணீர் ஊற்றின சோறு. இருநூற்றைம்பது பொட்டலமும் தகரப் பெட்டிகளில் அடுக்கினதும் வெள்ளிக் கட்டி போல மின்னின. மடிப்பு எல்லாம் என் யோசனை.

சின்னத்தாயி முதல் பொட்டலத்திலேயே கையை நிறுத்தினாள். "அண்ணே, அடியில ஒரு எலைத் துண்டு போட்டுக்கலாமா? இன்னா இருந்தாலும் புளியாச்சே."

"இது வெள்ளைக்காரன் பேப்பர். உள்ளே எலையைப் போட்டா பட்டிக்காடுன்னு சிரிப்பாங்க."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றாள்.

24 செப்டம்பர், ஞாயிறு

காலையில் பஸ் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. கோயில் வாசலில் பாஸ்டரிடம்கூடச் சொன்னேன், பேப்பர் தேர்வு அடியேனுடையது என்று.

25 செப்டம்பர், திங்கள்

எழுதக் கை வரவில்லை.

ஓஸ்வால்ட் வந்தார். உட்காரவில்லை. சோறு சாம்பல் நிறமாம், செப்புக் காசை நக்கினது மாதிரி ருசியாம். பாதிப் பேர் மலைமேல் பட்டினி. இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்திருக்கின்றன. நேரே சமையலறைக்குப் போய்ப் பித்தளை அண்டாவை வெளிச்சத்துக்கு இழுத்தார். "கழுத்துல பித்தளை தெரியுது பாருங்க. கலாய் போன பாத்திரத்துல புளியைக் கொதிக்க வெச்சிருக்காங்க. விஷம்மா இது!"

அண்டாவுக்குக் கலாய் போடக் கொடுத்து வாங்குவது சின்னத்தாயியின் பொறுப்பு. "போன மாசந்தாம்மா ஈயம் பூசினேன். கழுத்துல கரண்டி இடிச்சிருக்கும், அவ்ளோதான். உள்ள பாருங்கம்மா, பளபளன்னு இருக்குது" என்றாள்.

டோரீன் என் பக்கம் திரும்பினாள். "மாமா, பேப்பர்ல ஏதாவது இருக்குமா?"

நான் என்ன சொன்னேன்? "முதல் தரம்மா அது" என்றேன். நாலு வார்த்தைகூட இல்லை.

சின்னத்தாயியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தன்னுடைய அரிவாள்மணையை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். போகும்போது "வரேண்ணே" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கழுவி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஊசியால் குத்தினது மாதிரி, ஐம்பது அறுபது பொத்தல். அந்தத் துண்டு இந்த டைரிப் பக்கத்துக்குள்தான் இருக்கிறது.

27 செப்டம்பர்

அண்டாவும்தான் காரணமாக இருக்கலாம். கழுத்தில் பித்தளை தெரிந்தது உண்மைதானே.

28 செப்டம்பர்

இல்லை. கழுத்து வரைக்கும் புளி ஏறவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

9 அக்டோபர், திங்கள்

ஓஸ்வால்ட் இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், சமையல் ஆளை மாற்றிவிட்டதால். நவம்பரில் முந்நூறு பொட்டலம். மறுபடியும் புளிச்சோறுதான். டோரீன் என் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன் மாமா? அதே பேப்பர் வாங்கிடுங்க." இரண்டையும் பூனைக்குப் போட்டேன்.

சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் வாயைத் திறந்தேன். மூன்று தரமும் தங்கவயல் கதைதான் வந்தது. எனக்கு வேறு பேச்சே வராதா?

12 அக்டோபர், வியாழன்

அல்சூர் பக்கம் ஒரு கட்டடம் எழும்புகிறது. தலையில் கலவைச் சட்டியோடு ஏணியில் சின்னத்தாயி. பார்க்காத மாதிரி போய்விடத்தான் நினைத்தேன். அவளே கூப்பிட்டாள். "தாஸண்ணே! நல்லா கீறீங்களா?"

சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டது இதுதான்: "அண்ணே, அந்தக் கொழந்தைங்க ரெண்டும் நல்லாயிட்டுதுங்களா?"

நல்லாயிட்டாங்க என்றேன்.

"நல்லா பூசினேன்னுதான் நெனச்சேன். கண்ணு சரியா தெரியலியோ இன்னாவோ. என் கையால ஒரு கொழந்தை வாந்தி எடுத்துச்சேன்னு… ஆத்தாவுக்கு வேண்டிக்கினு உப்பில்லாம சாப்ட்டுக்கினு இருக்கேண்ணே. அண்டாவை மறுபடி பூசிட்டீங்களா? மறந்துடாதீங்க."

தாஸ், நீ மனுஷனா? அவள் தன் கண்ணையே சந்தேகப்படுகிறாளே. அங்கேயே, அந்த மணல் குவியல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே. "மேஸ்திரி பாக்கறான், போம்மா" என்றேன். இதுதான் நான் சொன்னது.

14 அக்டோபர், சனி

மீந்திருந்த சில்வர் பேப்பரில் ஒரு பிடி புளிச்சோறு வைத்துக் கட்டினேன். அதே தகரப் பெட்டி. பக்கத்தில் இன்னொன்று, இலைத் துண்டு வைத்து.

15 அக்டோபர், ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் இரண்டையும் டோரீன் முன்னால் வைத்துப் பிரித்தேன். இலை வைத்தது அப்படியே இருந்தது. வைக்காதது — பேப்பரை வாங்கி அவளே ஜன்னலில் பிடித்தாள். வெயில் புள்ளி புள்ளியாக அவள் கன்னத்தில் விழுந்தது.

"எப்ப தெரியும்?"

"வாங்கறப்பவே. சேஷகிரி சொன்னாரு."

"தாயிக்கு?"

"எலை போடலாமான்னு கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

"அப்ப கிளப்பு?"

"லேம்ப் ரூம்."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "அன்னிக்கு நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன் மாமா. வேற யாரையும் பாக்கல. உங்களைத்தான் பார்த்தேன்" என்றாள். பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் கோயிலுக்குப் போகவில்லை. அவள் ஓஸ்வால்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். சமையல்காரிமேல் தப்பில்லை, தப்பு எங்கள் வீட்டு ஆள் செய்தது என்று. கேன்டீன் போனாலும் போகட்டும் என்றாள்.

17 அக்டோபர், செவ்வாய்

டோரீனும் நானும் தொம்மலூர் போனோம். சின்னத்தாயி வீட்டில் பாய் ஒன்றுதான். எங்களை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றாள். சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே டோரீன் சொல்லிவிட்டாள். சொன்னேன். இட்டுக்கட்டாமல் ஒரு விஷயத்தைச் சொல்வது எவ்வளவு சின்னதாக முடிந்துவிடுகிறது! நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

சின்னத்தாயி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டோரீனிடம், "அப்ப நான் பூசினது சரியாத்தாம்மா இருந்துச்சு?" என்றாள்.

"சரியாத்தான் இருந்துச்சு தாயி. நான்தான் உன்னை நம்பல."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பின் மூடியைத் திறந்தாள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்றாள், டோரீனிடம்.

30 அக்டோபர்

சேஷகிரி கடையில் சின்னத்தாயியே பேப்பரைத் தேர்ந்தெடுத்தாள். கசக்கவில்லை, கடிக்கவில்லை. "எவ்ளோ நேரம் தாங்கும்? எதுக்கு ஆவாது?" என்று இரண்டு கேள்வி கேட்டாள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். நான் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

11 நவம்பர், சனி

ஓஸ்வால்ட் கடைசியில் ஆர்டரை ரத்து செய்யவில்லை. முந்நூறு பொட்டலம் கட்டி முடித்தோம். இலை துடைத்துக் கத்தரித்தது நான். கேன்டீன் ஆள் ஒருவர் பார்க்க வந்திருந்தார். "பெரியவர் தங்கவயலாமே, அங்க கிளப்பா?" என்றார். "லேம்ப் ரூம்" என்றேன்.

"பெரியவரே, எலையை இப்படித் தள்ளுங்க" என்றாள் சின்னத்தாயி. தள்ளினேன். திரும்பி வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

எல்லோரும் போன பிறகு அண்டாவைத் தேய்த்து வைக்கலாம் என்று போனேன். காந்தல் அப்படியே அடியில் இருந்தது. நானே சுரண்டிக்கொண்டேன்.