முழுமதி நாளில் வந்து சேராத காரைத்திட்டுக் குடம்

நலம் பெருகுக, நெல்லும் உப்பும் குறைவின்றி விளைக. நறுங்கோட்டுப் பேரரசர் இளவெயினப் பெருமாளின் திருவுளப்படி, ஓலைநாயகம் கீரந்தை அரையன், வடகழிக் கூற்றத்துத் தலைவர் பூதன் சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது கூற்றத்து ஐந்து ஊர்களும், அவற்றின் ஏரிகளும் கழிகளும், உமது மனையும் மக்களும் இனிது வாழ்க.

காரைத்திட்டு என்னும் உப்பள ஊரைத் தேர்தல் பட்டியலினின்று நீக்குமாறு உமது கூற்றத்தின் பேரவை உறுப்பினர் கண்ணந்தை எழுதிய விண்ணப்பமும், அதன் கீழ் ‘தகும்’ என்று நீர் இட்ட கைச்சாத்தும் வந்து சேர்ந்தன. தொடர்ந்து ஆறு தேர்தல்களில் வாக்கோலை எண்ணப்படாத ஊர் பட்டியலை விட்டு நீங்கும் என்பது சட்டம். நீங்கிய ஊரின் நிலத்தைப் பேரவை பிறர்க்கு வழங்கலாம் என்பதும் சட்டம். அப்படி வழங்குங்கால் உப்பளங்களைத் தமக்கே தரவேண்டும் என்று கண்ணந்தை அதே விண்ணப்பத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறார். அதற்கென்று தனி ஓலை எழுதும் பொறுமைகூட அவருக்கு இல்லை.

ஆதலின் வடகழிக் கூற்றத்தின் தேர்தல் வரலாறு முழுவதையும் எடுத்துப் பார்த்தோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மங்கலம் கருதி முழுமதி நாளில், குடும்பத்துக்கு ஓர் ஓலையாக ஒவ்வோர் ஊரிலும் குடத்தில் இடுவர். கதிர் எழுந்த பின்னரே ஓலை இடலாம். முத்திரையிட்ட குடம் உச்சிப்பொழுதுக்குள் கூற்றத்து மண்டபத்தை அடைய வேண்டும். அடையாத குடம் திறக்கப்படாமல் ஆற்றில் விடப்படும். இது நீர் அறிந்ததே.

முதல் தேர்தலில் மற்ற நான்கு நெல்வயல் ஊர்களின் வேட்பாளர் நூற்றுப்பன்னிரண்டு ஓலை கூடுதலாகப் பெற்று வென்றார். இரண்டாம் தேர்தலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; எதிர்த்து நின்றவர்க்கு அவர் வீட்டாரே ஓலையிட்டனரா என்பது ஐயம். மூன்றாவதில் வெற்றி ஒன்பது ஓலையில். நான்காவதில் எண்பத்தேழு. ஐந்தாம் ஆறாம் தேர்தல்களில் கண்ணந்தை முறையே முப்பத்தொன்றும் இருபத்துமூன்றும் கூடுதலாகப் பெற்றார். காரைத்திட்டில் குடும்பங்கள் நூற்றுநாற்பது. ஆறு முறையும் அவ்வூர்ப் பெயருக்கு நேரே ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது: ‘தாமதம்’. மூன்றாம் தேர்தலில் அதை எழுதிய கை எமது கை. அந்நாளில் யாம் உமது மண்டபத்தில் எழுத்தராக இருந்தோம். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பசிநேரம், ஏட்டைக் கட்டிவைத்துச் சோற்றுக்குப் போய்விட்டோம்.

நீக்கும் ஆணையில் முத்திரை இடுமுன், அவ்வூராரை ஒருமுறை நேரில் கேட்பது முறை என்று ஐப்பசியில் புறப்பட்டோம். முதல்நாள் மாலை கழியை முழங்கால் நீரில் நடந்து கடந்து, இரவு தங்கி, மறுநாள் காலை விசாரணை முடித்துத் திரும்ப எண்ணிக் கரைக்கு வந்தோம். நடந்து வந்த கழியில் இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளம் நின்றது. உச்சிப்பொழுதுக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும், படகைக் கொணர்க என்று அதட்டினோம். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த சாத்தி என்பவள் பலகையை ஊன்றி நின்று சிரித்தாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம், திருத்தினால் பொய்யாகும்.

“இன்னிக்கு பௌர்ணமிங்கய்யா! பௌர்ணமின்னா காலையில ஏறுற தண்ணி பொழுது சாஞ்சாத்தான் எறங்கும். எப்பவும் இதே நேரந்தான். சும்மா ஒக்காருங்க. ஒங்களுக்கும் தாமதம்னு எழுதிருவாங்களோ?”

ஓலையிட்டு முடிக்கும் முன்பே நீர் ஏறிவிடும் என்பதை இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று வினவினோம்.

“சொல்லாம இருப்பமா? வந்த அதிகாரி அத்தன பேருகிட்டயும் சொன்னோம். அப்புறம் வாயடச்சுப் போச்சு. ராசாவுக்குத் தெரியாத தண்ணியா, தெரிஞ்சுதான் நாள் வச்சிருக்காருன்னு இருந்துட்டோம்.”

படகில் கொண்டுவர முயன்றதில்லையா என்றோம். அவள் சிரிப்பு போய்விட்டது.

“நாலாவது தேர்தல்ல எங்க வீட்டுக்காரரு ஓலப் பானையத் தூக்கிக்கிட்டுப் படகேறுனாரு. முகத்துவாரத்து இழுப்புல படகு கவுந்துச்சு. பானை கரை ஒதுங்குச்சுய்யா. அவரு ஒதுங்கல.”

அன்றும் ஏட்டில் ‘தாமதம்’ என்றே இருக்கிறது. அதை எண்ணி யாம் வெட்கினோம்; இன்றும் வெட்குகிறோம்.

அவர்கள் அரசர் அறிவார் என்று நம்பினர். அரசவையோ அவர்களைச் சோம்பேறிகள் என்று நம்பிற்று. இவற்றை யாம் பெருமாளிடம் விண்ணப்பித்தோம். தேய்பிறை எட்டாம் நாளில் அக்கழி காலைமுதல் வடிந்து உச்சியில் நடந்து கடக்கும் அளவே நிற்கும் என்பதையும் தெரிவித்தோம். அட்டமியில் நற்செயல் தொடங்கலாகாது என்று அவையிலிருந்தோர் தடுத்தனர். அட்டமியில் ஓலையிட்டால் நாடு கெடும் என்கிறீரே, ஆறு முழுமதியில் இட்டு ஓர் ஊர் கெட்டதற்கு என்ன சொல்கிறீர் என்று பெருமாள் வினவியருளினார்.

ஆகவே, கண்ணந்தையின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. காரைத்திட்டு பட்டியலில் நிற்கும். அதன் உப்பளங்கள் அவ்வூரார்க்கே உரியன. வரும் மாசியில் நடக்கவேண்டிய ஏழாம் தேர்தல் தேய்பிறை எட்டாம் நாளுக்கு மாற்றப்பட்டது. தோற்றுவிடுவோம் என்று கண்ணந்தை உம்மிடம் வந்து முறையிடுவார். நூற்றுநாற்பது வீட்டுக்கும் நடந்துபோய் ஓலை கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லுக. இதுவரை ஒருமுறையும் அவர் அக்கரைக்குப் போனதில்லை என்பது ஊரார் சொல்.

‘தகும்’ என்று கைச்சாத்திட்ட உமக்கும் ஓர் ஆணை உண்டு. தை முழுமதியன்று நீர் காரைத்திட்டில் இருக்கக் கடவீர். கதிர் எழுந்தபின் நூற்றுநாற்பது ஓலை இடும் நேரம் காத்திருந்து, வெறுங்குடம் ஒன்றை உமது தலையில் ஏற்றி, மண்டபத்துக்குப் புறப்படுக. படகு ஏற வேண்டா. உமது மனைவி மக்கள் உம்மை எதிர்பார்த்திருப்பர். வந்து சேர்ந்த வேளையை எமக்கு எழுதுக. தாமதமானால் காரணத்தை நீர் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதலாம், யாம் முழுதும் படிப்போம்.

இது பெருமாள் கேட்டு ஒப்பிய ஓலை. அரக்கும் முத்திரையும் இட்டு விடுத்தோம். இதன்படி செய்க.