பிரேக் போல்ட்டை இறுக்காதவன்

நண்பா,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்பது படித்து முடித்ததும் உனக்கே தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் லிஃப்ட் சரிந்து ஒரு டீச்சரம்மாவின் கால் முறிந்ததே, அன்று பிரேக் போல்ட்டை இறுக்காமல் விட்டவன் நான். விசாரணை அறையில் உன் பெயரைச் சொன்னவனும் நான்தான். உன் வேலை போயிற்று. நான் சூப்பர்வைசர் ஆனேன்.

போன வாரம் ஒரு லிஃப்ட் கதவு பழுதானது. யார் வேலை என்று நான் கத்தி முடிப்பதற்குள், எங்களிடம் வேலை பார்க்கும் மெக்கானிக் பெண் ஒருத்தி முன்னால் வந்து, "நான்தான் சார், கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரிட்டையராக நாலு மாசம்தான் இருக்கு. இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இத்தனை வருஷம் யாரோட குடித்தனம் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டு மனைவி மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

நேற்று உன் வாசல்வரை வந்தேன். உள்ளே நீ சிரிப்பது கேட்டது. மணியடிக்கக் கை வரவில்லை.

நான் எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். "நிஜமாவே நீங்க பண்ணலயாப்பா?" என்று உன் மகள் கேட்டுவிட்டதாக, வேலை போன அன்று என்னிடம்தான் வந்து அழுதாய். நான் உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

அவளிடம் இதைக் காட்டு.

உன்னோடு வேலை பார்த்தவன்